சங்கிலி பருப்பு

அந்தக் காது அவர் வைத்த காது. அதில் சந்தேகமே இல்லை. ஒரு காலைக் கடைப் படியிலும் மறுகாலைத் தெருவிலும் வைத்தபடி சங்கிலிமுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் முப்பத்தொரு வருஷம் சாக்கு வாய் தைத்தவர் அவர். கோணி ஊசியால் வாயைத் தைத்து முடிக்கிறபோது இரண்டு மூலைகளையும் சுருட்டி, சுமக்கிறவன் பிடித்துத் தூக்குவதற்குக் காது மாதிரி நிறுத்துவார்கள். எல்லாருக்கும் இரண்டு காதும் ஒன்றுபோல் நிற்கும். எடைக்கல் விழுந்து வலது கட்டைவிரல் நசுங்கிப்போன நாளிலிருந்து அவருக்கு மட்டும் இடது காது உள்பக்கமாக இரண்டு சுற்றுத் திரும்பி, கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி நிற்கும். அப்படி ஒரு காது இப்போது தவமணி கடைக்குள்ளே, வெங்காயக் கூடைக்கும் முட்டை அட்டைக்கும் நடுவில் நின்றது. மூட்டையைத் தலைகீழாக வைத்து, அடிப்பக்கத்தைப் பிரித்து வாயாக மடித்து விட்டிருந்தார்கள். அவர் தைத்த பக்கம் தரையில் அமுங்கிக் கிடக்க, அந்தக் காது மட்டும் நசுங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே துவரம்பருப்பு. மஞ்சள் குறையாத, எண்ணெய் தடவாத, முதல் ரகம். அவருக்கு ரகம் தெரியாதா. போன மாதம் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, நடுவில் வசம்பும் காய்ந்த மிளகாயும் போட்டு, சணலை எச்சில் தொட்டு ஊசியில் கோத்துத் தைத்த மூட்டை. மகளுக்கென்று சாத்தூருக்குப் போன மூட்டை. சாத்தூருக்குப் போனது இங்கே எப்படி வந்து நிற்கும் என்று கேட்டுக்கொண்டபோது காதுக்குள் மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வெயிலாக இருக்கும் என்று நினைத்தார். வந்தது எதற்கு என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது. எலுமிச்சம்பழம். ஒரே ஒரு எலுமிச்சம்பழம். விடியற்காலையிலிருந்து மனைவி குருவம்மாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை. கடுங்காப்பியில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் கேட்கும் என்றாள். அதையும் இரண்டு தடவை மூச்சு வாங்கிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, பஜார் முழுக்க அடைப்பு, டாக்டர் சாயங்காலம்தான் வருவார். வீட்டில் அரிசி இரண்டு மூட்டை இருக்கிறது. உளுந்து இருக்கிறது, பதினைந்து லிட்டர் எண்ணெய் டின் இருக்கிறது, புளி ஒரு பானை, சீனி பத்துக் கிலோ. ஒரு எலுமிச்சம்பழம் இல்லை. அதை எந்தச் சாக்கில் தைத்து எத்தனை மாதம் வைக்க முடியும். கொதிக்கிற தெருவில் அங்குமிங்கும் அலைந்துவிட்டு, திறந்திருக்கிற ஒரே கடை எது என்று கால்களுக்கு முன்பே தெரிந்திருந்த மாதிரி, பதினாறு வருஷத்துக்குப் பிறகு இந்தப் படியில் கால் வைத்திருந்தார்.

திருட்டு என்றுதான் முதலில் தோன்றியது. அது ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது. திருட்டு என்றால் திருடினவன் ஒருவன் உண்டு, அவனைப் பிடித்துக்கொள்ளலாம். மகள் வீட்டுக்கு மூட்டையைக் கொண்டுபோனதாகக் குருவம்மா சொன்ன மினி வேன்காரன் பாதி வழியில் இறக்கியிருப்பான், தவமணி கடைக்காரர்களுக்குத் திருட்டுச் சரக்கு வாங்குவது புதிதா என்ன, அவர்கள் பரம்பரையே அப்படித்தான் என்று மனசு மளமளவென்று அடுக்கிக்கொண்டு போனது. அப்போது அவருக்கு முன்னால் நின்ற எதிர்ச்சாரி வீட்டுப் பெண், கையில் பையை விரித்தபடி, "சுகந்தி, சங்கிலி பருப்பு அரைக் கிலோ போடு, மத்தது வேண்டாம், அது வேகமாட்டேங்குது" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பினவள் அவரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பருப்பைக்கூட வாங்காமல், "பெறகு வாரேன்" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். சங்கிலி பருப்பு. அப்படி ஒரு பருப்பு கிடையாது. நாட்டுப் பருப்பு உண்டு, லாத்தூர் பருப்பு உண்டு, பர்மாப் பருப்பு உண்டு. முப்பத்தொரு வருஷத்தில் அவர் கேள்விப்படாத ஒரு ரகம் அவர் பேரிலேயே தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு நேற்றைக்கா. அவள் சொன்ன விதத்தில் பழக்கம் இருந்தது. உப்பு, புளி என்கிற மாதிரி சொன்னாள். அப்படியானால் இந்தத் தெருவுக்கே தெரியும். டீக்கடையில் அவர் உட்கார்ந்து, "நான் மூட்டையைத் தவிர வாங்கமாட்டேன், கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் மிச்சம், என் வீட்டுப் பருப்பில் இன்றுவரை ஒரு வண்டு விழுந்ததில்லை" என்று சொல்லும்போது எதிரில் இருந்தவர்கள் டீயை ஊதுகிற சாக்கில் குனிந்துகொண்டது நினைவு வந்தது. அப்போது மரியாதை என்று நினைத்திருந்தார். வண்டு எப்படி விழும். விழுகிற வரைக்கும் மூட்டை வீட்டில் இருந்தால்தானே.

"வாங்க பெரியப்பா" என்றாள் சுகந்தி, தவமணியின் மகள். தினமும் வருகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். அந்தக் குரலில் பயம் இல்லை என்பது அவருக்கு இன்னொரு அடி. தவமணி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதே தெருவில் பதினோரு வீடு தள்ளி இருந்துகொண்டு அவர் போகவில்லை. பறைச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, கதவைச் சாத்திக்கொண்டு சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். போவதற்கு என்ன இருக்கிறது. பதினாறு வருஷத்துக்கு முந்தி முதலாளிமார் சண்டையில் மில்லை மூன்று மாதம் பூட்டிப் போட்டார்கள். அந்த மூன்று மாதமும் இதே படியில் நின்று அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு வாங்கினார். ஐம்பது கிராம் கடுகு, நூறு கிராம் பருப்பு, கால் லிட்டர் எண்ணெய். ஒரு சாயங்காலம் தவமணி பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "உன் சாமானைவிட அதை மடிக்கிற பேப்பருக்கு விலை கூட, சங்கிலி. நீ வீட்டுலயே ஒரு பேப்பர் கொண்டாந்துரு" என்றான். நாலு பெண்கள் சிரித்தார்கள். ஒரு ஆட்டோக்காரன் சிரித்தான். தவமணியும் சிரித்தான், அவன் வேடிக்கைக்குத்தான் சொன்னான் என்று குருவம்மா அப்புறம் நூறு தடவை சொன்னாள். வேடிக்கைக்குச் சொன்னால் மட்டும் காகிதம் மலிந்துவிடுமா. அன்றைக்கு அந்தப் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தவர், மில் திறந்து முதல் சம்பளம் வாங்கினதும் முழு மூட்டையாகத் துவரம்பருப்பு வாங்கி, தலையில் சுமந்து, வேண்டுமென்றே இந்தக் கடை வழியாக, மெதுவாக, நடந்து போனார். அதற்குப் பிறகு இந்த முக்கு வழியாகவே போனதில்லை. பேருந்து நிலையத்துக்குக்கூட வாய்க்கால் சந்து வழியாகச் சுற்றித்தான் போவார். எல்லாச் சாமானும் மொத்தமாக. மூட்டை, டின், பெட்டி. பொட்டலம் என்ற ஒன்று அவர் வீட்டுக்குள் வரவே கூடாது. வரவில்லை என்றுதான் பதினாறு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு? காலைல பாலுக்கு வரலியேன்னு பார்த்தேன்" என்று சுகந்தி கேட்டாள். பாலுக்கு. இங்கே வந்து. தினமும். அவர் சாக்கின் காதைக் காட்டினார், நசுங்கின கட்டைவிரலால். "அது எப்படி இங்க" என்று கேட்க வாயெடுத்தார், "அது" மட்டும் வந்தது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக வடிந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒரு முடிவுக்கு வந்தவள் மாதிரி நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தெரியாதுல்ல. இவ்வளவு நாளும் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கீகன்னு நான் நினைச்சேன். ஒளிக்க என்ன இருக்கு பெரியப்பா. ரெண்டு பேரு அத்தனை பருப்பைத் தின்ன முடியுமா? சாத்தூர் அக்கா கல்யாணமாகிப் போன வருசம் மழைக்கு உங்க மூட்டையில வண்டு அடைஞ்சு போச்சாம். புடைச்சுப் புடைச்சுக் கை வீங்கிப்போயி, உங்ககிட்டச் சொல்லவும் பயந்துக்கிட்டு, பெரியம்மா எங்கப்பாகிட்ட வந்து அழுதுச்சு. அப்பாதான் சொன்னாக, வண்டு வாரதுக்கு முந்தி கொண்டாந்துரு மதினி, உனக்கு அன்னன்னைக்கு வேணுங்கிற தேங்கா, தக்காளி, பாலு, முட்டையை நீ எடுத்துக்கோன்னு. பதிமூணு வருசமா அப்படித்தான் ஓடுது. நீங்க டீக்கடைக்குப் போற நேரத்துல எங்க வீட்டுக்காரரு வந்து வண்டியில தூக்கிட்டு வருவாரு." சொல்லிவிட்டு அந்தக் காதைப் பார்த்தாள். "உங்க தையலை எங்க யாராலயும் பிரிக்க முடியாது. கத்தி வச்சா சாக்கு கிழியுது. அதான் தலைகீழாப் பிரிக்கிறது. அப்பா திட்டுவாக, மனுசன் முடிச்சுலயும் விடமாட்டேங்கிறான்னு." சங்கிலிமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டார். மில்லில் மொத்த விலைக்கு வாங்கி, தோளில் சுமந்து, வசம்பு போட்டுத் தைத்து, பதிமூன்று வருஷமாகத் தவமணியின் கடைக்கு முதல் ரகச் சரக்கு போட்டிருக்கிறார். அவனுக்கு மொத்த வியாபாரி அவர்தான். அவன் சாகும்போதும் அவன் கடையில் அவர் பருப்பு இருந்திருக்கும். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கும் அதில்தான் சாம்பார் வைத்திருப்பார்கள்.

அப்புறம் கூடைக்காரி. நினைப்பு அவளிடம் போய் இடறி நின்றது. வீட்டில் பச்சை மிளகாயும் மல்லித்தழையும் கத்தரிக்காயும் ஏது என்று கேட்கிறபோதெல்லாம், தெருவில் கூடைக்காரி வந்தாள் என்பாள் குருவம்மா. மல்லி என்று பேர்கூட உண்டு அவளுக்கு. பாலவநத்தம் பக்கத்துக்காரி, புருஷன் சரியில்லாதவன். பதிமூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் கண்ணில் பட்டதில்லை. தான் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து வராமல் இருக்கிறாளே, அப்படி என்ன கர்வம் என்று அவள் மேலும் ஒரு வன்மம் வைத்திருந்தார். ஒருமுறை கத்தரிக்காய் சொத்தையாக இருந்தபோது, இனி இந்த வீட்டு வாசலில் கூடையை இறக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன், அழுதாள், பிஞ்சாகக் கொண்டுவருகிறேன் என்று கும்பிட்டாள் என்றாள் குருவம்மா. மறுநாள் பிஞ்சுக் கத்தரிக்காய் வந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே, நாலு வார்த்தை கண்டித்துச் சொன்னால்தான் சரிப்படுகிறார்கள் என்று அவர் சொன்னதும், குருவம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்ததும்கூட நினைவிருந்தது. இல்லாத ஒருத்தியிடம் பதிமூன்று வருஷமாகப் பேசாமல் இருந்திருக்கிறார். போன தீபாவளிக்கு அவளுக்கு ஒரு பழைய சேலை கொடு என்றுகூடச் சொன்னார். யாருக்குப் போனது அந்தச் சேலை. மகளிடம் கேட்டிருந்தாரே, பருப்பு எப்படி அம்மா என்று, நல்லா வெந்துச்சுப்பா என்றாளே, போனில், ஒரு நொடிகூடத் தயங்காமல். அப்போது அவளுக்கும் தெரியும். மூட்டையில் எது நிற்கும், எது அன்றன்றைக்கு வாங்க வேண்டியது என்று தனக்கு மட்டும்தான் தெரியாமல் போயிருக்கிறது. அவர் மிச்சம் பிடித்ததாக நினைத்த அத்தனையையும் உண்மையில் மிச்சம் பிடித்தவள் குருவம்மா. பாதியை வைத்துக்கொண்டு, பாதியை மாற்றி, பயந்து பயந்து.

"பெரியப்பா, உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்" என்று சுகந்தி எலுமிச்சம்பழத்தை நீட்டினாள், அவர் கேட்காமலே. "பெரியம்மாகிட்டப் பேச்சை மட்டும் நிறுத்திராதீக. அது எப்பவும் சொல்லும், அவுகளுக்குத் தெரிஞ்சா திட்டமாட்டாக சுகந்தி, பேச்சை நிறுத்திருவாக, திட்டுனா நான் தாங்கிக்கிடுவேன், அது என்னால தாங்க முடியாதுன்னு." பழத்தை வாங்கிக்கொண்டு அவர் இறங்கி நடந்தார். காசு கொடுக்கவில்லை என்பது பாதித் தெருவில்தான் உறைத்தது. கொடுக்க வேண்டியதில்லை என்பது அதைவிடப் பலமாக உறைத்தது. பேச்சை நிறுத்துவதா. யார் நிறுத்துகிறார்கள். ஊரில் எல்லாரும் அவர் வைராக்கியம் பிடித்து நிறுத்துகிறார் என்றுதான் நினைக்கிறார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொள்வார். ஆனால் அது அப்படி இல்லை என்று அவருக்கு மட்டும் தெரியும். அது தானாக நின்றுவிடும். கிணற்றில் வாளி அறுந்து விழுகிற மாதிரி, பேர் சொல்லிக் கூப்பிட நினைக்கும்போது கயிறு மட்டும் மேலே வரும். தம்பி வீரணனோடு அப்படித்தான் ஆனது. புதுவீட்டுப் பத்திரிகையில் அண்ணன் பேரை அவன் போடவில்லை, அச்சுக்காரன் விட்டுவிட்டான் என்றான், இருபது வருஷம் பேச்சில்லை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் தினமும் பிளாஸ்கில் பால் கொண்டுபோனார். ஊற்றிக் கொடுத்தார், வாயைத் துடைத்துவிட்டார், ஒரு வார்த்தை வரவில்லை. நாளைக்குப் பேசிவிடலாம், இன்றைக்கு நர்சு நிற்கிறாள் என்றிருந்தார். அவன் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி. வியாழக்கிழமை பால் சூடாக இருந்தது, குடிக்க ஆளில்லை. இப்போது நெஞ்சுக்குள் அதே இடத்தில் அதே கதவு மெதுவாகச் சாத்திக்கொள்வது தெரிந்தது. சங்கிலிமுத்து நடையை எட்டிப் போட்டார். சாத்திக்கொள்வதற்குள் போய்விட வேண்டும் என்கிற மாதிரி. பதினோரு வீடு இவ்வளவு தூரமா. விடியற்காலையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனபோது பாதம் வெளுத்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. வீரணனுக்கும் கண்தான் முதலில் உள்ளே போனது.

அவள் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள், கதவுப் பக்கம் பார்த்து. அவர் கையில் இருந்த பழத்தைப் பார்த்தாள். பஜார் அடைப்பு என்று அவளுக்கும் தெரியும். அந்தப் பழத்திலிருந்து பார்வையைத் தூக்கி அவர் முகத்துக்குக் கொண்டுவர அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது. அவர் அடுப்படிக்குப் போனார். கடுங்காப்பி போட்டார், பழத்தை அறுத்துப் பிழிந்தார், கொட்டையைப் பொறுக்கினார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, மில்லில் செய்கிற மாதிரி, வாய் தேவைப்படாத வேலை. டம்ளரைக் கொண்டுவந்து பாய்க்குப் பக்கத்தில் வைத்தார். வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது. அவள் டம்ளரைத் தொடவில்லை. "அங்கதான் போனீகளா" என்றாள். அவர் நின்றார். வாயைத் திறந்தார். ஒன்றும் இல்லை. "சுகந்தி சொல்லிட்டாளா" என்றாள். பிறகு, "சரி" என்றாள். அந்தச் சரியைச் சொல்லிவிட்டு அவள் மெதுவாகச் சுவர்ப் பக்கம் புரளத் தொடங்கினாள், இனிமேல் பார்க்க வேண்டியது சுவரைத்தான் என்று ஏற்றுக்கொண்டவள் மாதிரி. புரளுகிற அந்தத் தோள் எலும்பைப் பார்த்தபோது அவருக்குள்ளே எதுவோ உடைந்து, தொண்டையில் கல் உருளுகிற மாதிரி உருண்டு, வெளியே வந்து விழுந்தது. "ஏண்டி" என்றது அது. தன் குரல்தானா என்று அவரே திகைத்தார். "ஏண்டி, ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு என் துவரம்பருப்பை அளந்து கொடுத்திருக்கியே, உனக்கு அறிவு இருக்கா. வசம்பு போட்டு, மிளகாப் போட்டு, பெருவிரலு நோக நோக நான் தைக்கிறேன், நீ வண்டி வரவழைச்சு ஏத்திவிடுதே. மல்லியாம் மல்லி. பாலவநத்தமாம். அவ புருசனுக்குக் குடிப்பழக்கம் வேற. அம்புட்டுப் பொய்யையும் எந்த மூட்டைலடி தச்சு வச்சிருந்தே." அவள் புரளுவதைப் பாதியில் நிறுத்தினாள். திரும்பினாள். வாய் உலர்ந்து ஒட்டியிருந்ததைப் பிரித்து, "கறிவேப்பிலை கொசுறு" என்றாள். "அதுக்கெல்லாம் பருப்புக் கொடுக்கல." "எதிர்த்தா பேசுற" என்று அவர் குரலை உயர்த்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும். "வாயை மூடிக்கிட்டு அதைக் குடிடி முதல்ல. வெட்கங்கெட்டவளே, ஊரே சிரிக்க என் பேரைப் பருப்புக்கு வச்சுட்டு நீ படுத்துக் கிடக்க." அவள் எழுந்து சுவரில் சாய்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு மடக்குக் குடித்தாள். அவர் வைதார். இன்னொரு மடக்குக் குடித்தாள். மில்லில் கற்ற வசவு அத்தனையையும், வீரணனுக்குச் சேர வேண்டிய வசவையும், தவமணிக்கு வைத்திருந்ததையும் அவர் அவள் தலையில் கொட்டினார். அவள் காலி டம்ளரை வைத்துவிட்டு, பாயில் சரிந்து, அவர் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மூச்சு சீராக வர ஆரம்பித்தது. தூங்கிவிட்டாள் என்று தெரிந்தது. சங்கிலிமுத்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் வராது என்று பயமாக இருந்தது.